அரிசோனா முடிச்சு, சென்னை ரிப்போர்ட்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ், சாண்ட்லர், டூசான் பக்கமிருந்து ஊருக்கு வருகிறவர்கள் முதல் வாரமே முடித்துவிடும் வேலைகளில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பும் ஒன்று. காலையில் வெறும் வயிற்றோடு போனால் மதியத்துக்குள் ரத்தம், ஈ.சி.ஜி., எக்ஸ்ரே எல்லாம் முடிந்து கூப்பனுக்கு இட்லி பொங்கலும் கிடைத்துவிடும். தலைவலி சாயங்காலம் ஆரம்பிக்கிறது. எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் காசு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. மறுநாள் சி.டி. ஸ்கேன். ரிப்போர்ட்டில் இப்படி இருக்கும்: 14 x 12 மி.மீ. நாட்யூல் (முடிச்சு), காசநோயா, புற்றா, கிளினிக்கல் கோரிலேஷன் தேவை. இந்தக் கடைசி வரிக்கு, படம் பார்த்தவர் முடிவைச் சிகிச்சை டாக்டர் தலையில் கட்டிவிட்டார் என்று பொருள்.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் நுரையீரல் டாக்டரைப் பார்க்கவே வாரக்கணக்கில் காத்திருக்கும்போது, சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் எக்ஸ்ரே, சி.டி., நிபுணர் மூன்றும் 3 நாளில் முடிகின்றன. ஆனால் அந்த 3 நாளில் நோயாளியிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இத்தனை வருஷம் எந்த ஊரில் இருந்தீர்கள்? புகை பிடிப்பீர்களா, வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா என்பதெல்லாம் கேட்பார்கள். ‘அமெரிக்கா’ என்று ஃபைலில் எழுதுவார்கள். அமெரிக்காவில் எங்கே என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அரிசோனாவின் தென்பாதியிலும், கலிஃபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சுற்றிய சமவெளியிலும் காக்சிடியாய்டஸ் என்ற பூஞ்சை மண்ணுக்குள் வாழ்கிறது. மழைக்குப் பிறகு இழையாக வளர்ந்து, மண் காயும்போது 3 முதல் 5 மைக்ரான் அளவுத் துண்டுகளாக உடைந்து, புழுதியோடு பறக்கிறது. 2011 ஜூலை 5 அன்று பீனிக்ஸை மூடியது போன்ற பெரும் புழுதிப் புயல் வேண்டும் என்றில்லை. புது வீட்டுமனைக்குத் தோண்டும் பொக்லைன் போதும். மாரிகோபா கணபதி கோயிலுக்குப் போகும் வழியில் இரு பக்கமும் கிடக்கிற மாதிரியான வெறும் மண் போதும். உள்ளே போன துண்டு நுரையீரலில் உருண்டையாகப் பருத்து, வயிற்றுக்குள் நூற்றுக்கணக்கான குட்டிகளை நிரப்பிக்கொண்டு வெடிக்கும். பத்தில் ஆறு பேருக்கு ஒன்றுமே தெரியாது. மற்றவர்களுக்கு 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல், இருமல், அடித்துப் போட்ட மாதிரி அசதி. உடம்பு அதைச் சுற்றி மதில் கட்டி அடைத்துவிடும். சிலருக்கு அந்த மதில்தான் பிற்பாடு படத்தில் முடிச்சாகத் தெரிகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு இது ஒட்டாது. தட்டு, தம்ளரைத் தனியாக வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

அங்கே இதற்கு ‘வேலி ஃபீவர்’, அதாவது பள்ளத்தாக்குக் காய்ச்சல், என்று பெயர். ஊரில் அப்படிச் சொன்னால் வேலி என்றதும் முள்வேலிதான் நினைவுக்கு வருகிறது. டாக்டருக்கும் பல சமயம் பிடிபடுவதில்லை. ‘காக்சிடியாய்டோமைகோசிஸ்’ என்று முழுப் பெயரைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். எல்லோரும் மைக்ரோபயாலஜி பாடத்தில் படித்ததுதான், நோயாளியைப் பார்த்திருப்பது அரிது. இந்தியாவில் பதிவானவை பெரும்பாலும் அமெரிக்கா போய் வந்தவர்களுடையவை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்வது புதிதும் அல்ல. 1892ல் பியூனஸ் அயர்ஸில் இதை முதலில் கண்ட அலெஹாந்த்ரோ போசாதாஸ் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி என்றுதான் நினைத்தார். பூஞ்சை என்று நிரூபிக்க 1900 ஆனது. அரிசோனாவில் இருக்கும் இனத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

செக்கப்புக்குப் போகிற நடுவயதுக்காரர்களைவிடக் கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. பிரசவத்துக்கு ஒத்தாசையாக 6 மாதம் வந்து, தினமும் சாயங்காலம் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நடந்துவிட்டு ஊர் திரும்பும் அம்மா அப்பாக்கள். வயது அறுபதுக்கு மேல், பாதிப் பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தப் பூஞ்சை நுரையீரலில் பொந்து விழச் செய்வது அதிகம். திரும்பி வந்து இருமல், காய்ச்சல், மூட்டு வலி, முழங்காலுக்குக் கீழே தொட்டால் வலிக்கும் சிவந்த வீக்கங்கள் என்றால், மூட்டு வலியைப் பார்த்துச் சிக்குன்குனியா என்பார்கள். ரத்தத்தில் ஈஸினோஃபில் என்ற வெள்ளணு ஏறியிருந்தால் ‘ஈஸ்னோபீலியா’ என்பார்கள். நம் ஊரில் அது வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர், யானைக்கால் புழு இருக்கிற மண்ணில் நியாயமான சந்தேகமும்கூட. ஆனால் காக்சிடியாய்டஸும் அதே ஈஸினோஃபிலை ஏற்றும். அந்த இடத்தில் இருமலுக்கு என்று ஸ்டீராய்டு கொடுத்தால் மதில் இடிந்து, பூஞ்சை எலும்புக்கும் மூளை உறைக்கும் போக வழி கிடைக்கும். எனவே டோக்கன் எடுத்து உள்ளே போனதும், கொடுக்கிற பத்து நிமிஷத்தில் முதல் வாக்கியம் இதுவாக இருக்கட்டும்: “டாக்டர், அம்மா போன வருஷம் 6 மாதம் அரிசோனாவில் இருந்தாங்க. காக்சிடியாய்டோமைகோசிஸ் இருக்கிற ஊர்.”

பீனிக்ஸ்காரர்களுக்கு மட்டும் இல்லை இது. ஒஹையோ, இண்டியானா பக்கம் இருந்தவர்களுக்கு ஹிஸ்டோபிளாஸ்மா என்ற வேறொரு பூஞ்சை. விஸ்கான்சினுக்கும் பெரிய ஏரிகள் பகுதிக்கும் பிளாஸ்டோமைசிஸ். மூன்றும் முடிச்சாகவே தெரியும். மூன்றையும் இங்கே டி.பி. என்பார்கள்.

ஸ்கேன் சென்டருக்கு வருவோம். பணம் அதிகம் வீணாவது இங்கேதான். பெரிய மஞ்சள் கவரில் ஃபிலிம், அதோடு ஒரு சி.டி. தட்டு கொடுப்பார்கள். ஃபிலிம் அழகுக்குத்தான். தட்டில் இருப்பதும் பல இடங்களில் 5 மி.மீ. தடிமனான வெட்டுகள். எண்ணிப் பார்த்தால் தெரியும்: நெஞ்சு சுமார் 30 செ.மீ. உயரம் என்றால் 5 மி.மீ. வெட்டில் 60 சொச்சம் படம் வரும், 1 மி.மீ. வெட்டில் 300 வரும். 8 மி.மீ. முடிச்சை 5 மி.மீ. வெட்டில் பார்த்தால் அதிலே ஒன்றரைப் படம்தான் விழும். ஓரமும் நடுவும் கலந்து, உள்ளே இருக்கும் சுண்ணாம்புப் புள்ளி மறைந்து, அளவும் தப்பாகும். அந்தச் சுண்ணாம்பு முக்கியம். முடிச்சின் நட்ட நடுவிலோ, வெங்காயம் போல வளையம் வளையமாகவோ, முழுக்கவோ சுண்ணாம்பு படிந்திருந்தால் ஆறிப்போன பழைய தொற்று என்று ஏறத்தாழ முடிவு கட்டலாம். ஒரு ஓரத்தில் மட்டும் இருந்தால் அந்த நிம்மதி கிடையாது.

எனவே மேஜையில் படுப்பதற்கு முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிட வேண்டும்: “தம்பி, 1 மி.மீ. தின் ஸ்லைஸும் சி.டி.யில் போட்டுத் தாங்க, டைகாம் ஃபைலா.” டைகாம் என்பது ஸ்கேன் படத்தின் மூல டிஜிட்டல் வடிவம். முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். மறுவாரம் போய்க் கேட்டால், மெஷினில் மூலப் பதிவு அழிந்திருக்கும்; சில நாள்தான் வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து தட்டைப் போட்டுப் பார்த்து, 300க்குப் பக்கத்தில் ஒரு சீரிஸ் இருக்கிறதா என்று அன்றைக்கே சரிபார்த்துவிடுவது நல்லது. வெறும் முடிச்சைப் பார்க்க மருந்து ஏற்றாத சாதா சி.டி. போதும். தொடர்ந்து கண்காணிக்கிற ஸ்கேன் என்றால் குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்கச் சொல்லலாம்.

இதையெல்லாம்விடப் பெரிய பரிசோதனை விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் இருக்கிறது: பழைய படம். நாலு வருஷத்துக்கு முன் நிமோனியாவுக்கு எடுத்த சி.டி.யில் அதே இடத்தில் அதே அளவில் முடிச்சு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. திடமான முடிச்சு 2 வருஷம் மாறாமல் இருந்தால் அது புற்று இல்லை என்றுதான் நடைமுறையில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி ஆப்பில் பெரும்பாலும் ரிப்போர்ட் மட்டும்தான் இருக்கும், படம் இருக்காது. ரேடியாலஜி பிரிவில் கேட்டு டைகாம் தட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். முருங்கைக்காய்ப் பொடிக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசி போதும்.

வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முடிச்சு ஓர் உருண்டை, அதன் கன அளவு இரட்டிக்க விட்டம் 26 விழுக்காடு கூடினாலே போதும். 8 மி.மீ. 10 ஆனால் இரட்டிப்பு. புற்று முடிச்சுகள் பெரும்பாலும் 20 முதல் 400 நாளுக்குள் இரட்டிக்கும். ஆனால் இரண்டு ரேடியாலஜிஸ்ட் அளந்தாலே ஒன்றரை மி.மீ. வித்தியாசம் வரும் என்பதால், 2 மி.மீ.க்குக் குறைந்த மாற்றத்தை வளர்ச்சி என்று சொல்வதில்லை. அங்கே 9 என்று எழுதியதை இங்கே 10 என்று எழுதினால் பதற வேண்டாம். ஒரே டாக்டர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கட்டும்.

பழைய படம் இல்லையா? நெஞ்சுப் பட நிபுணர்களின் ஃப்ளைஷ்னர் சங்கம் 2017ல் வெளியிட்ட வழிகாட்டியைத்தான் இரு நாட்டிலும் பார்க்கிறார்கள். ஒற்றைத் திட முடிச்சு 6 மி.மீ.க்குக் கீழே, ஆபத்துக் காரணம் எதுவும் இல்லை என்றால் மறுபடி ஸ்கேனே தேவையில்லை. 6 முதல் 8 என்றால் 6 முதல் 12 மாதத்தில் ஒரு சி.டி. 8க்கு மேலே என்றால் 3 மாதத்தில் சி.டி., இல்லாவிட்டால் பெட் ஸ்கேன் அல்லது திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் முன்பே புற்று வந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மங்கலான கண்ணாடி போல, பாதி திடமாகத் தெரிகிற முடிச்சும் இந்தக் கணக்கில் வராது. அது பல மாதம் அப்படியே நின்றால் பூஞ்சை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. புகையே தொடாத பெண்களிடமும் நுரையீரல் புற்று இந்த உருவில் வரும்.

“எதற்கும் ஒரு பெட் எடுத்துடலாம்” என்பது இப்போது ஊரில் அடிக்கடி கேட்கிற வசனம். சர்க்கரையைத் தின்கிற செல் எதுவானாலும் பெட் படத்தில் ஒளிரும். புற்றும் ஒளிரும், டி.பி.யும் ஒளிரும், உயிரோடு இருக்கிற பூஞ்சை முடிச்சும் ஒளிரும். ஒளிர்ந்தது என்பதற்காகப் புற்று என்று வீட்டில் அழுகை தொடங்க வேண்டியதில்லை. மெதுவாக வளரும் சில புற்றுகள் ஒளிரவே ஒளிராது, 8 மி.மீ.க்குக் கீழே எது ஒளிராவிட்டாலும் நம்ப முடியாது. என் கருத்தில், டி.பி. மண்ணிலிருந்து போய் வேலி ஃபீவர் மண்ணில் வாழ்ந்த ஒருவருக்குப் பெட் ஸ்கேன் பயன்படுவது, உடம்பில் வேறெங்காவது எளிதாக ஊசி போட இடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ரத்தப் பரிசோதனையில் ஏமாற்றம் வேறு மாதிரி. காக்சிடியாய்டஸ் எதிர்ப்புப் பொருள் பரிசோதனை இங்கே சாதாரண லேபில் கிடையாது. ‘ஃபங்கல் டெஸ்ட்’ என்று எழுதிக் கொடுத்தால் கேலக்டோமேனன் செய்து, நெகட்டிவ் என்று அனுப்புவார்கள். அது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற வேறு பூஞ்சைக்கான பரிசோதனை. காக்சிடியாய்டஸ் இல்லை என்று அதற்குப் பொருள் இல்லை. அரிசோனாவிலேயே செய்துகொண்டு வந்தாலும், ஆறிப்போன ஒற்றை முடிச்சுக்காரர்களிடம் நெகட்டிவ் வருவது சகஜம். பாசிட்டிவ் வந்தாலோ, அவருக்கு எப்போதோ தொற்று வந்தது என்றுதான் தெரியும். இந்த முடிச்சு அதனால் வந்ததுதான் என்று அது சாட்சி சொல்லாது. டி.பி.க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மேன்டூவும் அப்படித்தான். நம் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களில் ஏராளமானவர்களுக்கு அது வீங்கும். அதை வைத்து இங்கே டி.பி. என்று முடிவு கட்டுவதும், ரத்தத்தை வைத்து பீனிக்ஸில் வேலி ஃபீவர் என்று முடிவு கட்டி ஒரு தமிழரின் டி.பி.யைத் தவறவிடுவதும் ஒரே தப்பின் இரண்டு முகங்கள்.

இந்த இழுபறியில்தான் ‘ட்ரையல் ஏ.டி.டி.’, அதாவது டி.பி. மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது, வருகிறது. சளியில் கிருமி இல்லை, டி.பி. மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் நெகட்டிவ், ஆனாலும் நாலு மருந்து ஆரம்பித்து 2 மாதம் கழித்துப் பார்க்கலாம் என்பார்கள். நோயாளி இருமி மெலிந்து கிடந்தால் அதில் நியாயம் உண்டு. ஒரு தொல்லையும் இல்லாத செக்கப் முடிச்சுக்கு இல்லை. ஆறிப்போன முடிச்சு எந்த மருந்துக்கும் சுருங்காது, எனவே 2 மாதம் கழித்தும் பதில் கிடைக்காது. ஈரல் பாதிப்பும் எதாம்பியூட்டாலால் பார்வைக் கோளாறும் வரலாம். ரிஃபாம்பிசின் உள்ளே இருந்தால் பூஞ்சை மாத்திரை ஃப்ளூகோனசோலின் அளவு ரத்தத்தில் இறங்கிவிடும், பின்னால் அது தேவைப்பட்டாலும் சரியாக வேலை செய்யாது. முடிச்சு புற்றாக இருந்தால் அந்த 2 மாதம் திரும்ப வராது.

ஆகவே சந்தேகம் தீராத, 8 மி.மீ.க்கு மேற்பட்ட முடிச்சுக்குத் திசு எடுப்பதே வழி. ஓரத்தில் இருக்கும் 2 செ.மீ.க்குக் குறைந்த முடிச்சை மூச்சுக்குழாய் வழியாகப் போய்ப் பிடிப்பது கடினம்; சி.டி. பார்த்தபடி முதுகிலோ விலாவிலோ ஊசி போடுவார்கள். ஊரில் இதைச் செய்கிற கைகள் தேர்ந்தவை. தப்பு நடப்பது ஊசிக்குப் பிறகு, பக்கத்து மேஜையில்.

அங்கே ஃபார்மலின் ஊற்றிய சின்ன டப்பா ஒன்று திறந்திருக்கும். வெளியே வந்த திசு நூல், புழு மாதிரி வெள்ளையாக ஒன்றரை செ.மீ. இருக்கும். மூன்றோ நாலோ எடுத்து எல்லாவற்றையும் அதிலேயே போட்டு மூடி, லேபிள் ஒட்டிவிடுவார்கள். ஃபார்மலினில் கிருமி, பூஞ்சை எல்லாம் செத்துவிடும். அதன் பிறகு கல்ச்சரில் வளர்த்துப் பார்த்தாலும் எதுவும் முளைக்காது. ஒரு நூலையாவது, முடிந்தால் இரண்டை, சுத்தமான சலைனில் போட்டு மைக்ரோபயாலஜிக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இதை முந்தின நாளே டாக்டரிடம் பேசி, கேஸ் ஷீட்டில் எழுதவைத்து, காலையில் நர்ஸிடமும் ஒரு முறை நினைவூட்டிவிடுவது நல்லது. “சிஸ்டர், ஒரு பீஸ் சலைன்ல போகணும்” என்ற ஒரு வரி, இன்னொரு ஊசியை மிச்சப்படுத்தும்.

லேபுக்குப் போகிற சீட்டில் அரிசோனாவையும் காக்சிடியாய்டஸ் சந்தேகத்தையும் எழுதச் சொல்வது நோயாளிக்காக மட்டும் அல்ல. உடம்புக்குள் உருண்டையாக இருக்கும் இந்தப் பூஞ்சை, கல்ச்சர் தட்டில் மறுபடியும் பறக்கும் துண்டுகளாக மாறும். தெரியாமல் மூடியைத் திறக்கிற டெக்னீஷியனுக்கு அது அப்படியே நெஞ்சில் இறங்கும். மூன்றாம் நிலைப் பாதுகாப்பு வசதி உள்ள லேபில்தான் இதைக் கையாள வேண்டும். அடையாளம் காண்பதில் சிக்கல் என்றால் சண்டிகரில் உள்ள பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனம் வரை மாதிரியை அனுப்பிக் கேட்பார்கள். தேசியப் பூஞ்சைச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது.

பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘கேசியேட்டிங் கிரானுலோமா, டி.பி.க்கு ஒத்துப்போகிறது’ என்று வந்தால் அடுத்த வரியைத் தேட வேண்டும். சீல்-நீல்சன் சாயத்தில் டி.பி. கிருமி தெரிந்ததா? பூஞ்சையைக் காட்டும் ஜி.எம்.எஸ்., பி.ஏ.எஸ். சாயங்கள் போட்டார்களா? பாலாடைக்கட்டி மாதிரி அழுகிய நடுப்பகுதி டி.பி.க்கு மட்டும் சொந்தமில்லை, பூஞ்சையும் அதையே செய்யும். போடவில்லை என்றால் திசுவைப் பதித்துவைத்த அதே மெழுகுக் கட்டியிலிருந்து புதிதாக வெட்டிச் சாயம் போடலாம், மறுபடி ஊசி வேண்டாம். முழுதாக வளர்ந்த உருண்டை 20 முதல் 100 மைக்ரான் இருக்கும். சிவப்பணு ஏழுதான், எனவே தேடுகிற கண்ணுக்குச் சாதாச் சாயத்திலேயே தெரியும். குட்டியில்லாத இளம் உருண்டை மட்டும் இருந்தால் பிளாஸ்டோமைசிஸ், கிரிப்டோகாக்கஸ் போன்ற வேறு பூஞ்சைகள் என்று குழப்பும்.

டிக்கெட் தேதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசியும். பெரும்பாலும் தானே வற்றிவிடும், சிலருக்குக் குழாய் போட வேண்டிவரும். காற்று முழுக்கப் போய்விட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகும் குறைந்தது 7 நாள் விமானம் ஏறக் கூடாது. கடைசி வாரத்துக்குப் பயாப்சியைத் தள்ளிவைப்பது, கல்யாணம் காதுகுத்து எல்லாம் முடியட்டும் என்று காத்திருப்பது, இரண்டும் வேண்டாம். முடிந்தால் வந்த இரண்டாம் வாரத்துக்குள் முடித்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் மாத்திரை போடுகிறவர்கள் 5 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

காக்சிடியாய்டஸ்தான் என்று உறுதியானால் வீட்டாருக்கு அடுத்த அதிர்ச்சி: தொல்லை இல்லாத ஒற்றை முடிச்சுக்கு மாத்திரையே கிடையாது. 2016 அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்க வழிகாட்டியும் அதையே சொல்கிறது. இவ்வளவு செலவழித்து மருந்தே இல்லையா என்று கேட்கும் மாமாவிடம் விளக்குவது டாக்டர் வேலை அல்ல, நம் வேலை. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், காய்ச்சலும் இருமலும் தொடர்கிறவர்கள், நோய் நுரையீரலைத் தாண்டியவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு ஃப்ளூகோனசோல் பொதுவாக நாளுக்கு 400 மி.கி., மாதக்கணக்கில். ஊர் மருந்துக்கடையில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரே ஒரு 150 மி.கி. மாத்திரை உள்ள அட்டையை நீட்டுவார்கள். அது தோல், அந்தரங்கத் தொற்றுகளுக்குப் போடுவது. 200 மி.கி. மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும். கர்ப்பத்தின் முதல் 3 மாதத்தில் இதைத் தவிர்ப்பார்கள்.

கிளம்புவதற்கு முன் பேத்தாலஜி பிரிவில் கடிதம் கொடுத்து மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். கட்டி, தீப்பெட்டியில் பாதி அளவு பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும், ஓரத்தில் பென்சிலில் எண். கைப்பையில் வையுங்கள், வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். 60 டிகிரிக்கு அருகில் மெழுகு இளகிவிடும். பூஞ்சைக் கல்ச்சர் பெரும்பாலும் ஒரு வாரத்தில் பேசிவிடும், டி.பி. கல்ச்சருக்கு 42 நாள் வரை பொறுக்க வேண்டும். அந்த ரிப்போர்ட் வரும்போது நீங்கள் சாண்ட்லரில் இருப்பீர்கள், ஊரில் வாங்கிய சிம் செத்திருக்கும். லேப் கவுன்டரில் தம்பியின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.